தொண்ணூற்றொன்பதில் நிற்கும் வலைப்பூ

நூறாவது பதிவுக்கான கேக்கைத் தொண்ணூற்றொன்பதாவது பதிவிலேயே வெட்டியவள் என் சிநேகிதி. "ஒண்ணுதானேடி பாக்கி, அது எங்க ஓடிப்போகப் போகுது?" என்றாள். சென்னீர்குப்பத்தில் ஒரு பேக்கரியில் சொல்லிவைத்து, கேக்கின் மேல் க்ரீமால் ஒரு டைமர் ஐசி, அதாவது விளக்கைக் கண் சிமிட்டவைக்கும் சின்னச் சில்லு, வரையச் சொல்லியிருந்தாள். அந்த ஐசிக்கு எட்டுக் கால்கள். பேக்கரிக்காரர் தாராள மனசுக்காரர், பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து போட்டுவிட்டார். நான் எண்ணிச் சொன்னேன். "கேக்குல கால் எண்ற ஒரே ஜீவன் நீதான்" என்று திட்டிவிட்டு, கூடுதலாக இருந்த இரண்டையும் ஒரே பக்கத்திலிருந்து விரலால் வழித்து என் வாயில் வைத்தாள். மூன்று கால் ஒரு பக்கமும் ஐந்து கால் மறுபக்கமுமாக நொண்டிக்கொண்டு நின்ற ஐசியைப் படம் பிடித்து வலைப்பூவில் போட்டாள். தலைப்பு: "நூறை நோக்கி! இனி மைக்ரோகண்ட்ரோலர்!"

நாங்கள் இருவரும் சென்னையை ஒட்டி வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தோம். பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரில் ஒரே அடுக்குமாடியில் வீடு. அவர்கள் நாகர்கோவிலிலிருந்து வந்த குடும்பம், மூன்றாவது மாடி. நாங்கள் இரண்டாவது. அதனால் கல்லூரிப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் அவளுடைய வலைப்பூவின் முதல் வாசகியாக இருக்கும் தண்டனை எனக்கு வாய்த்தது. ஒவ்வொரு பதிவும் "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கும். பாதி தூரம் நன்றி சொல்வாள். பிறகு ஒரு மின்சுற்று வரைபடம். கடைசியில், அடுத்து என்னென்ன எழுதப்போகிறாள் என்ற அறிவிப்பு, அதுதான் எல்லாவற்றிலும் நீளமாக இருக்கும்.

தன் படத்தைப் போடமாட்டாள். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரின் படம்தான் முகப்பில். அதனால் பின்னூட்டம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் சார். "சார் சூப்பர் சார்." "சார் நீங்க எந்தக் காலேஜ்ல ப்ரொஃபசர்?" இவளும் கூச்சமே இல்லாமல், "தொடர்ந்து ஆதரவு தாருங்கள் நண்பரே" என்று பதில் போடுவாள்.

"பொண்ணுன்னு சொல்லேன்டி" என்றேன் ஒருமுறை.

"சொன்னா டவுட் கேக்க மாட்டானுங்க. சாப்டீங்களான்னு கேப்பானுங்க."



செய்யப் போவதைச் சொல்லிவிட்டாலே பாதி செய்து முடித்த மாதிரி என்பது அவள் கட்சி. மீதிப் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. "அதிகாலைப் பதிவுகள்" என்று ஒரு தொடரை அறிவித்து, முதல் பகுதியை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினாள். டீயை விட்டுவிட்டதாக கேன்டீனில், கையில் டீயோடு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆய்வகத்தில் ஒயரை எடுத்துச் சொருகுவதற்கு முன்பே விடை அட்டவணையை நிரப்பிவிடுவாள். கேட்டால், "தியரிப்படி இதுதானே வரும்?" என்பாள். ஒருநாள் தியரிப்படி வராமல், ஒயர் சொருகும் பிரெட்போர்டிலிருந்து புகை வந்தது. அன்று மாலைப் பதிவில், "இந்தச் சுற்றில் வெப்பம் சற்றே உணரப்படலாம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அந்தப் பதிவுக்கும் கீழே நாலு பேர் "சார் சூப்பர் சார்".

இந்த வியாதி கல்லூரியோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் அடுக்குமாடி அசோசியேஷன் கூட்டத்துக்கு அவளை யார் கூப்பிட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் கார் நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. பேச்சு முழுக்கத் தண்ணீர்த் தொட்டி. கீழே சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டு நிறுத்துவது வாட்ச்மேன் வேலை. அவர் சில நாள் கண் அசந்துவிடுவார். தொட்டி வழியும். வழிகிற குழாய் சரியாக செகரட்டரி அங்கிளின் காருக்கு மேலே. காரைத் தள்ளி நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தபோது இவள் எழுந்து நின்றாள்.

"அங்கிள், அடுத்த மாசம் நானே ஒரு கண்ட்ரோலர் பண்ணித் தரேன். மைக்ரோகண்ட்ரோலர் போட்டது. தண்ணி குறைஞ்சா மோட்டார் தானா ஓடும். ரொம்பினா தானா நிக்கும். ஆளே வேண்டாம்."

மைக்ரோகண்ட்ரோலர் என்பது நாம் எழுதிக்கொடுக்கும் கட்டளைப்படி விளக்கையோ மோட்டாரையோ இயக்கும் ஒரு சின்னச் சில்லு. அந்தப் பாடம் எங்களுக்கு அடுத்த செமஸ்டரில்தான் வருவதாக இருந்தது. புத்தகம்கூட இன்னும் வாங்கவில்லை. ஆனால் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் நடு வாக்கியத்தை யாரும் கவனிக்கவில்லை, கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளே வேண்டாம் என்றால் வாட்ச்மேன் எதற்கு? வாசலில்தான் கேமரா இருக்கிறதே? அசோசியேஷன் செலவு குறையுமே? "அங்கிள், நான் அப்படிச் சொல்லல..." என்று அவள் இழுத்தாள். அதற்குள் தீர்மானம் நிறைவேறி, பஜ்ஜி வந்துவிட்டது.

அந்த வாட்ச்மேன் ஆவடிக்காரர். நாற்பது வயது இருக்கும். எங்களை "பாப்பா" என்பார், எங்கள் அப்பாக்களை "நைனா" என்பார். அவரும் அவர் மனைவியும் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் குடியிருந்தார்கள். மாதம் முடிந்ததும் அறையைக் காலி செய்துவிட்டு, சாலைக்கு எதிரில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் சிமெண்ட் மூட்டைக்குக் காவலாகப் போனார்கள். தகரக் கொட்டகை. மாடிப்படிக்குக் கீழே செகரட்டரி அங்கிள் பழைய பேப்பரும் பேரனின் உடைந்த சைக்கிளும் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் நம் பொறியாளர் கண்ட்ரோலருக்கு ஒரு ஸ்க்ரூகூட வாங்கியிருக்கவில்லை. வலைப்பூவில் மட்டும் "நூறாவது பதிவு: நமது தண்ணீர்த் தொட்டி! காத்திருங்கள்!" என்று பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு வாங்கினாள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு போர்டும், மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலேயும், வெள்ளைப் பெட்டியும் வாங்கினாள். நெட்டில் யாரோ எழுதிவைத்த புரோகிராமை இறக்கி ஏற்றினாள். தொட்டியில் ஒரே ஒரு செம்புக் கம்பியைத் தொங்கவிட்டாள், தண்ணீர் அதைத் தொட்டால் மோட்டார் நிற்கும், விலகினால் ஓடும். தியரிப்படி சரி. ஆனால் தண்ணீர் கொட்டும்போது தொட்டியில் அலையடிக்கும் என்பது தியரியில் இல்லை. அலை கம்பியைத் தொட்டது, விலகியது, தொட்டது, விலகியது. மோட்டார் நின்றது, ஓடியது, நின்றது, ஓடியது. ரிலே டக்டக்கென்று அடித்துக்கொள்ள, மோட்டார் உறுமுவதும் அடங்குவதுமாக இருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தேன், உள்ளதைச் சொன்னால் ரசித்தே சிரித்தேன். ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். மறுநாள் திறப்பு விழா.

"நாளைக்கு ஒரு நாள் சமாளிச்சிட்டு அப்புறம் சரி பண்ணிடறேன்" என்றாள்.

திறப்பு விழாவில் செகரட்டரி அங்கிள் மோட்டார் அறை வாசலில் சிவப்பு ரிப்பன் வெட்டினார். வெள்ளைப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும் மாறி மாறிக் கண் சிமிட்டின. உள்ளே இருந்தது ஒரு பேட்டரியும் அவள் முதல் பதிவில் எழுதிய டைமர் ஐசியும்தான். "இப்ப பாருங்க அங்கிள்" என்றாள். மோட்டார் ஓடியது. துப்பட்டாவுக்குப் பின்னால் இருந்த கை ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அமுக்கியதை நான் ஒருத்திதான் பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு ஒரு நாள் என்று மோட்டார் போடும் முறை வரும், எங்கள் வீட்டு முறை என் தலையில்தான் விழும்.

அந்த ஒரு நாள் முடியவே இல்லை. மறுநாள் விடியற்காலையில் அவள் மூன்று மாடி இறங்கி ஓடிவந்து மோட்டாரைப் போட்டாள். சாயங்காலமும் ஓடிவந்தாள். தானியங்கி என்று அசோசியேஷன் பெருமையடித்துக்கொண்டது, அது பழைய செருப்போடு மூச்சிரைக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அறிவித்த அதிகாலை எழுச்சி அப்படியாவது நிறைவேறியதே என்று நான் சொல்லிக்காட்டியதற்கு, ஒரு வாரம் பேருந்தில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

சாயங்கால மோட்டாருக்கு அவள் கண்டுபிடித்த டைமர்தான் அபாரம். அவர்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்பமாக முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்வார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்து முழங்காலிட்டால், மாலை முடிந்து, மன்றாட்டு மாலையும் முடிகிற நேரத்துக்குத் தொட்டி நிரம்பும். இரண்டு மூன்று நாள் சோதித்து இதைக் கண்டுபிடித்தாள். அவள் வாழ்க்கையில் முதலில் சோதித்துவிட்டுப் பிறகு நம்பியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் அவள் அப்பா நைட் ஷிஃப்ட் அவசரத்தில் வேகமாகச் சொல்லி முடித்துவிட, தொட்டி பாதிதான் நிரம்பியது. இன்னொரு நாள் ஊரிலிருந்து வந்த சித்தி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி உருக்கமாகச் சொல்ல, இவளுக்குப் பொறுக்கவில்லை. ஆமென் சொல்லுமுன் எழுந்து ஓடினாள்.

"மக்களே, எங்க ஓடுற? மாதாவுக்கு முன்னாடி!" என்று அவள் அம்மா நாகர்கோவில் பாஷையில் மகளைப் பார்த்துக் கத்தியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

இப்படியே அடுத்த செமஸ்டர் தொடங்கி, தீபாவளியும் போனது. மழை பிடித்துக்கொண்டது. பேருந்து ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் தகரக் கொட்டகை தெரியும். கொட்டகையைச் சுற்றித் தண்ணீர். வாட்ச்மேன் மனைவி செங்கல்லை அடுக்கி அதன் மேல் அடுப்பை வைத்திருந்தார். இவள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் செல்போனைக் குனிந்து பார்ப்பாள். செல்போனில் ஒன்றும் இருக்காது. எனக்கு அப்போதுதான் அவள் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. "உண்மையைச் சொன்னா அந்த ஆளுக்கு வேலை கிடைக்கும்ல?" என்றேன். "சரி பண்ணிடறேன்டி. லீவுல உக்காந்து பண்ணிடறேன்" என்றாள். பெருமைக்காக ஒருவரை மழையில் உட்காரவைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த அறிவிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மைக்ரோகண்ட்ரோலர் தேர்வு அன்று விடியற்காலையில் கரண்ட் இல்லை. மழைக்கு எங்கோ ஒயர் அறுந்திருந்தது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் பேருந்து தெரு முனைக்கு வந்து ஹாரன் அடித்தபோதுதான் கரண்ட் வந்தது. மோட்டாரைப் போட்டால் நிறுத்த ஆள் வேண்டும். போடாமல் போனால் இன்னும் சற்று நேரத்தில் மொத்த அடுக்குமாடியும் சோப்பு நுரையோடு மோட்டார் அறைக்கு வந்துவிடும், வெள்ளைப் பெட்டியைத் திறந்து பார்க்கும். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் அதே தேர்வு. சட்டென்று சாலையைக் கடந்து தகரக் கொட்டகைக்கு ஓடினாள். பயந்துபோய் நானும் பின்னால் ஓடினேன்.

வாட்ச்மேன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: "இன்னா பாப்பா, உன் மிஷினுக்கு இன்னிக்கு லீவா?"

அவளுக்கு முகம் செத்துவிட்டது. "அண்ணா... உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாள்லேர்ந்தே தெரியும். நாய் தொர்த்துற மாரி டெய்லி ஓடிகினு கீறியே, இங்கேர்ந்து பாத்தா நல்லா தெரியுது."

"ஏண்ணா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா எங்கள நம்புவாங்களா, அந்த லைட்ட நம்புவாங்களா? நீ எத்தினி நாள் ஓடுறன்னு எனக்கும் எங்க ஊட்டுக்காரிக்கும் பந்தயம். தீபாவளி தாண்டமாட்டன்னு அவ சொன்னா. தோத்துட்டா." உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "போ, பஸ்ஸு கத்துது பாரு. நான் போட்டு நிறுத்திக்கிறேன். போய் பரீட்ச எய்து."

தேர்வில் முதல் கேள்வியே மைக்ரோகண்ட்ரோலரைக் கொண்டு மோட்டாரைக் கட்டுப்படுத்துவது பற்றி. அவள் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பாதி நேரத்தில் பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் வீடு திரும்பியபோது அவள் கார் நிறுத்துமிடத்தில் செகரட்டரி அங்கிள் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மோட்டார் அறைப் படியில் வாட்ச்மேன் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"வாட்ச்மேனைத் திரும்பக் கூப்பிடுங்க அங்கிள்."

"எதுக்கும்மா? உன் சிஸ்டம்தான் இவ்வளவு நல்லா வேலை செய்யுதே? ஒரு நாள் வழிஞ்சிருக்கா?"

"அந்த சிஸ்டம் நான்தான் அங்கிள்."

அவருக்குப் புரியவில்லை. அவள் வெள்ளைப் பெட்டியைக் கழற்றித் திறந்து காட்டினாள். பேட்டரி, டைமர் ஐசி, இரண்டு விளக்கு. தான் ஓடிவந்து போட்டதையும் நிறுத்தியதையும், ஜெபமாலை உட்பட, ஒன்று விடாமல் சொன்னாள்.  செய்து முடித்த ஒன்றைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

செகரட்டரி அங்கிள் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் பெட்டியின் மூடியை மெல்ல மூடினார். பிறகு ரொம்பக் கனிவாகக் கேட்டார்: "அதான் பழகிடுச்சேம்மா. நீயே தொடர்ந்து போடலாமே?"

"இல்ல அங்கிள். நான் மைக்ரோகண்ட்ரோலர் படிக்கணும்."

வாட்ச்மேன் திரும்ப வந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த சைக்கிள் மொட்டை மாடிக்குப் போனது. அவளுக்கு அந்தப் பேப்பரில் அரியர் விழுந்தது. வலைப்பூவில் அதைப் பற்றியும் ஒரு அறிவிப்பு வரும், "தோல்வியே வெற்றியின்" என்று ஏதாவது தொடங்கும் என்று நான் தினமும் திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் புத்தகம் வாங்கியிருந்தாள். பேருந்தில் என்னோடு பேசாமல் படித்தாள், எனக்கு அது ரொம்பவே போரடித்தது.

அரியரை எழுதித் தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனாள். வாட்ச்மேனும் இருந்தார். இந்த முறை தொட்டியில் இரண்டு கம்பிகள், ஒன்று தாழ்வாக, ஒன்று உயரமாக. கீழ்க் கம்பிக்குத் தண்ணீர் இறங்கும்வரை மோட்டார் ஓடாது, மேல் கம்பியைத் தொட்டுவிட்டால் பிறகு எவ்வளவு அலையடித்தாலும் திரும்ப ஓடாது. சில்லுக்கு அதை அவளே எழுதியிருந்தாள். யாரும் தொடாமல் மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பியதும் யாரும் தொடாமல் நின்றது. நான் விசிலடித்தேன். செல்போனை எடுத்து, "நில்லு, படம் எடுக்கறேன், நூறாவது பதிவு!" என்றேன்.

வாட்ச்மேன் மட்டும் சிரிக்கவில்லை. "பாப்பா, இது தானா ஓடுதுன்னு மேல தெரிஞ்சா நான் மறுபடியும் சிமெண்ட் மூட்டைக்கா?"

அவள் என் கையிலிருந்த செல்போனை வாங்கி என் பையிலேயே போட்டாள். பெட்டியிலிருந்த விளக்குகளைக் கழற்றினாள். விளக்கே இல்லாத பெட்டியைப் பழைய மீட்டர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்தாள். "யாருக்கும் தெரியாதுண்ணா" என்றாள்.

அவள் இப்போது ஓசூரில் லிஃப்டுக்குக் கண்ட்ரோலர் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். எங்கள் அடுக்குமாடியில் வாட்ச்மேன் இன்றும் விடியற்காலையில் சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு மோட்டார் அறைக்குப் போகிறார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு இருமல் இருமுகிறார். மோட்டார் தானாக ஓடித் தானாக நிற்கும்வரை உள்ளே பீடி பிடித்துவிட்டு வருகிறார். தொட்டி வழிவதே இல்லை. "என்ன இருந்தாலும் மனுஷன் பாக்கற மாதிரி மிஷின் பாக்குமா?" என்று செகரட்டரி அங்கிள் போன கூட்டத்தில்கூடச் சொன்னார். இதையெல்லாம் இங்கே எழுதுவதில் ஆபத்து ஒன்றுமில்லை. அவர் தனக்கு வருகிற ஃபார்வர்டுகளைத் தவிர வேறெதுவும் படிக்கமாட்டார்.

வலைப்பூ தொண்ணூற்றொன்பதிலேயே நிற்கிறது. நொண்டி ஐசி கேக்குக்குக் கீழே இன்னும் யாராவது வந்து கேட்கிறார்கள்: "சார், தண்ணீர்த் தொட்டிப் பதிவு எப்போ சார்?" அவள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் போட்டிருக்கிறாள்: "விரைவில், நண்பரே." அவளுடைய அறிவிப்புகளில், செய்யவே கூடாது என்று முடிவு செய்துவிட்டு அவள் வெளியிட்டது இது ஒன்றுதான்.